நோட்டில் வரைந்த எழுத்து எழுத்துருவாக மாற என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: “எனக்கென்று ஒரு பாணியில் தமிழ் எழுத்துகள் முழுவதையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்து ஏதாவது மென்பொருளில் போட்டால் எழுத்துரு ஆகிவிடுமா? இல்லை, அதற்கு மேலும் வேலை இருக்கிறதா?”

ஆகிவிடும். ஒரே மாலையில்கூட ஆகிவிடும். கட்டம் போட்ட தாளில் எழுதி, படம் எடுத்து ஏற்றினால் எழுத்துருக் கோப்பைத் திருப்பித் தரும் சேவைகள் இருக்கின்றன. ஒரு வாழ்த்து அட்டைக்கு அது போதும். ஆனால் அந்த எழுத்துருவில் ஒரு முழுப் பத்தியைத் தட்டச்சு செய்து பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் தனியாகப் பார்க்க அழகாக இருக்கும், பக்கத்து எழுத்தோடு சேராது. ஒன்று கறுத்துத் தெரியும், இன்னொன்று வெளுத்துத் தெரியும், கண் நாலு இடத்தில் தடுக்கி நிற்கும். நீங்கள் கேட்பது பிறர் படிக்கக்கூடிய, தமிழ் முழுவதையும் தாங்கக்கூடிய எழுத்துரு என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் முதல் எழுத்துரு செய்தபோது 247 எழுத்தையும் தாளில் வரைந்து முடித்த பிறகுதான் கணினிப் பக்கமே போனேன். மூன்று மாத வேலை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு முதன்முதலில் தட்டிய சொல் ‘வண்ணம்’. சிறிய அளவில் அச்செடுத்துப் பார்த்தால் நடுவில் இருந்த ‘ண்ண’ இரண்டும் மை கொட்டியதுபோல் நின்றன. மூன்று சுழிக்கும் ஒரே தடிமனில் கோடு போட்டிருந்தேன், உள்ளே வெள்ளைக்கு இடமே இல்லை. ண-வைத் திருத்தினால் ன-வைத் திருத்த வேண்டும், அதைத் திருத்தினால் ஞ, ள, ழ எல்லாம் வரிசையில் வந்து நின்றன. தாளில் வரைந்ததில் பாதிக்கு மேல் மறுபடி வரைந்தேன்.

அதனால் முதலில் சொல்வது: நோட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதை முழுவதுமாக மாற்ற உட்காராதீர்கள். அதிலிருந்து பத்து எழுத்தை மட்டும் எடுங்கள். நான் எடுப்பது க, ட, த, ப, ம, ர, ல, வ, ன, துணைக்கால், கூடவே மெய்ப்புள்ளி. ப உங்கள் நேர்கோட்டையும் மூலையையும் தீர்மானித்துவிடும். வ-வும் ல-வும் சுழியின் வடிவத்தைச் சொல்லிவிடும். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தை எப்படிக் கையாளப் போகிறீர்கள் என்று க கேட்கும், அடிக்கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குவது என்று த கேட்கும். இந்தப் பத்தை வைத்தே படம், மரம், கடல், வானம், பாதம், காலம், மலர், தகவல், பாடல் என்று எழுதிவிடலாம். இந்தச் சொற்கள் ஒன்றாக நிற்கும்வரை பதினோராவது எழுத்தைத் தொட வேண்டாம். மீதி எழுத்துகளில் பெரும்பகுதி இவற்றின் உறுப்புகளிலிருந்தே பிறக்கும். ஞ, இ, ஈ, ஐ போன்றவைதான் கடைசிவரை படுத்தும். அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் வேலையைப் பற்றிக் கொஞ்சம். எதற்கான எழுத்துரு என்பதை முதலில் எழுதி வையுங்கள். தலைப்புக்கா, பத்திக்கா? இரண்டுக்கும் ஒரே வரைபடம் ஒத்துவராது. 1713 வாக்கில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரிதாக இருந்ததால் தாள் ஏகமாகச் செலவாகும் என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இன்று கணினியில் எந்த அளவுக்கும் சுருக்கலாம் என்பதால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். தீரவில்லை. பெரிய எழுத்தைச் சுருக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பத்திக்கான எழுத்தில் சுழிகள் திறந்து இருக்க வேண்டும், கோடுகளுக்குள் தடிமன் வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். தலைப்பில் உங்கள் விருப்பம்போல் விளையாடலாம்.

எந்தக் கருவியில் வரைகிறீர்கள் என்பதும் முக்கியம். எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்துக்குத் தடிமன் வித்தியாசம் கிடையாது, வளைவுதான் அதன் உயிர். பட்டைமுனைப் பேனாவில் எழுதினால் திசைக்குத் திசை தடிமன் மாறும். இரண்டில் எதை எடுத்தாலும் எழுத்துக்கு எழுத்து மாற்றக் கூடாது. பேனாவை எந்தக் கோணத்தில் பிடித்து ப வரைந்தீர்களோ அதே கோணத்தில்தான் ழ-வும் வர வேண்டும். நான்கு கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள்: எழுத்து உட்காரும் அடிக்கோடு, ப-வின் தலை தொடும் மேல்கோடு, மேல்விலங்கும் (கி, கீ-யின் மேல் வளைவு) புள்ளியும் எட்டும் உச்சிக்கோடு, கீழ்விலங்கு (கு, கூ-வின் அடிக்குறி) இறங்கும் கீழ்க்கோடு. ப-வின் உயரம் 3 அல்லது 4 சென்டிமீட்டர் இருந்தால் திருத்த வசதி. ஒரு வடிவம் பிடிக்கவில்லை என்றால் அழிக்காமல் மேலே டிரேசிங் பேப்பரை வைத்து அடுத்ததை வரையுங்கள். ஐந்தாவது தாளில்தான் வடிவம் தெளியும், அப்போது முதல் தாள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஸ்கேன் செய்ய 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். கைபேசியில் படம் எடுத்தால் கொஞ்சம் சாய்ந்தாலும் எழுத்து ஒரு பக்கம் விரிந்துவிடும், அதனால் ஸ்கேனரே மேல்.

இப்போது கணினி. இலவசமாக வேண்டும் என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ். பணம் கொடுத்து வாங்கலாம் என்றால், மேக்கில் கிளிஃப்ஸ், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஃபான்ட்லேப். எதில் தொடங்கினாலும் அடிப்படை ஒன்றுதான், ஃபான்ட்ஃபோர்ஜில் கற்றது வீண் போகாது.

ஸ்கேன் செய்த படத்தைத் தானாகக் கோடாக மாற்றும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். தாளின் சொரசொரப்பு, மையின் கசிவு, கை நடுக்கம் எல்லாவற்றையும் அது எழுத்தின் வடிவம் என்று நம்பி, ஒரு ல-வுக்கு நூறு நோடுகளை, அதாவது கோட்டின் வடிவத்தைப் பிடித்துவைக்கும் புள்ளிகளை, போட்டுவைக்கும். அப்புறம் ஒரு வளைவைத் திருத்த நூறையும் நகர்த்த வேண்டும். படத்தைப் பின்னால் மங்கலாக வைத்துக்கொண்டு, அதன் மேல் நீங்களே பெசியர் வளைவுகளால் (நோடிலிருந்து நீளும் கைப்பிடிகளை இழுத்து வளைக்கும் கோடுகளால்) புதிதாக வரையுங்கள். ஒரு முழு வட்டத்துக்கே நான்கு நோடுகள்தான் தேவை. வளைவின் மேல், கீழ், இடது, வலது உச்சிகளில் நோடை வையுங்கள், அதன் கைப்பிடிகள் நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ இருக்கட்டும். குறைந்த நோடுகளில் வரைந்த வளைவு தானே வழவழப்பாக வரும். படத்திலிருந்து கோடு கொஞ்சம் விலகினால் கவலைப்பட வேண்டாம். தாளில் உங்கள் கை என்ன செய்ய நினைத்ததோ அதை இங்கே செய்கிறீர்கள்.

எழுத்தை வரையும் சதுரத்தை வழக்கமாக 1000 அலகுகளாகப் பிரிப்பார்கள். டிடிஎஃப் (ட்ரூடைப்) வகை எழுத்துருக் கோப்பில் 2048 என்று வைப்பதும் உண்டு. நான் 1000-இல்தான் வேலை செய்கிறேன். ப-வின் உயரம் 520 என்று வைத்தால், வளைந்த தலையுள்ள எழுத்துகளை 530 வரை ஏற்றுவேன், அடியிலும் 10 அலகு கோட்டுக்குக் கீழே இறக்குவேன். அளவுகோலுக்குச் சரியாக நிற்கும் வட்டம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் என்பதால் இது தேவை. அதேபோல் கிடைக்கோடும் நெடுங்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடு தடிமனாகத் தெரியும். நெடுங்கோடு 80 என்றால் கிடைக்கோட்டை 74 அளவில் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகள் சேரும் மூலையில் கறுப்பு தேங்கும், அங்கே கொஞ்சம் சீவிவிடுங்கள். நான் மாட்டிக்கொண்ட ண-வுக்கும் இதுதான் மருந்து. சுழிகளுக்குள் போகும் கோடுகளை 80-இலிருந்து 70 வரை குறைத்து, எழுத்தையும் அகலப்படுத்தினேன். அகலம் கூடினால் அழகு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ண-வையும் ப-வையும் ஒரே அகலத்துக்குள் அடைக்க முயல்வதுதான் எழுத்துருவைக் கெடுக்கிறது.

இனி இடைவெளி. என் கணக்கில் பாதி வேலை இதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் வெற்றிடம் சேர்த்தே எழுத்துருவில் பதிய வேண்டும். முதலில் ப-வை எடுங்கள். இரு பக்கமும் நேர்கோடு உள்ள எழுத்து. ‘பபபபப’ என்று தட்டி, ஒரு ப-வின் உள்ளே இருக்கும் வெள்ளையும் இரண்டு ப-வுக்கு இடையே இருக்கும் வெள்ளையும் கண்ணுக்கு ஒரே தாளத்தில் வரும்வரை நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை அதிகம் என்பதால் வெளியே அதைவிடக் குறைவாகவே வரும். அது அமைந்த பிறகு ‘பபலபப’, ‘பபவபப’, ‘பபமபப’ என்று ஒவ்வொரு எழுத்தையும் நடுவில் வைத்துச் சரிசெய்யுங்கள். வளைந்த பக்கத்துக்கு நேர்ப்பக்கத்தைவிடக் குறைந்த இடம் போதும். ட-வுக்கு வலப்பக்கம் மேலே திறந்து கிடக்கிறது, அங்கே இன்னும் குறையுங்கள்.

இப்படிச் செய்தும் சில ஜோடிகள் அடங்காது. அவற்றுக்குத்தான் கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்துக்கு இடையே மட்டும் இடைவெளியை மாற்றுவது. ‘டப’ அப்படி ஒன்று. ஆனால் தமிழில் பெரிய தொந்தரவு பக்கவாட்டில் வருவதில்லை, எழுத்தின் தலைக்கு மேலே வருகிறது. ‘தீர்’ என்று எழுதிப் பாருங்கள். தீ-யின் மேல்விலங்குச் சுழி வலப்பக்கம் மேலே நிற்கிறது. அடுத்து வரும் ர் ஒல்லி எழுத்து, அதன் புள்ளியும் அதே உயரத்தில் நிற்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் சுழியும் புள்ளியும் சேர்ந்து புதிதாக ஏதோ ஒரு குறிபோல் தெரியும். நீர், சீர், கீர்த்தி, தீர்ப்பு, வீர்யம் எல்லாவற்றிலும் இதே கதை. கெர்னிங்கில் தள்ளி வைத்தால் அடியில் ஓட்டை விழும். நான் செய்தது, சுழியை இடப்பக்கம் இழுத்துச் சற்றுச் சிறிதாக்கி, ர்-இன் புள்ளியை மட்டும் 15 அலகு வலப்பக்கம் நகர்த்தியது. இதனால்தான் புள்ளி வைத்த எழுத்துகள் ஒவ்வொன்றையும் தனி கிளிஃபாக (எழுத்துருவில் பதியும் தனி வடிவமாக) வைத்துக்கொள்வது நல்லது என்பேன். ஒரே புள்ளியை எல்லா எழுத்தின் நடுத்தலையிலும் தானாக வைக்கலாம், ஆனால் ட்-இல் புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண் சொல்வதுபோல் கணக்கு சொல்லாது. புள்ளியின் அளவை முடிவுசெய்யும்போது ஃ-இன் மூன்று புள்ளிகளையும் கூடவே வரைந்துவிடுங்கள், ஒரே குடும்பமாகத் தெரியட்டும்.

ர-வைப் பற்றி ஒரு விஷயம். துணைக்காலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் சாய்ந்த கோடு. பழைய அச்சுகளில் ர், ரி, ரீ மூன்றிலும் அந்தக் கோடு இருக்காது, ஏனென்றால் மேலே குறி வந்தாலே துணைக்கால் இல்லை என்று தெரிந்துவிடும். இன்றும் சில எழுத்துருக்கள் அப்படியே செய்கின்றன. எனக்குப் பிடித்தது அந்தப் பழைய வழக்கம்தான், அடியில் கூட்டம் குறைகிறது. ஆனால் எதைத் தேர்ந்தாலும் மூன்றிலும் ஒன்றுபோலச் செய்யுங்கள்.

பத்து எழுத்திலிருந்து முழுத் தொகுதிக்குப் போகும்போது எத்தனை வரைய வேண்டும் என்ற கணக்கு வரும். 247-ஐயும் வரைய வேண்டியதில்லை. கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாம் துணைக்காலும் கொம்புகளும் தனி கிளிஃபுகளாக வந்து சேர்ந்துகொள்பவை. தனித்து வரைய வேண்டியவை உகர, ஊகார வரிசைகள், 18 மெய்க்கும் சேர்த்து 36. உகரத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் கோடு நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறிலும் கோடு வளைத்துக்கொண்டு போகும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழிலும் அடியில் சுற்றி வலப்பக்கம் ஏறும். குடும்பத்துக்கு ஒன்றைச் சரியாக வரைந்தால் மற்றவை கூடவே வந்துவிடும். ஊகாரத்தில் கூ, சூ இரண்டையும் தனியாக வைத்துக்கொண்டு வரையுங்கள். ஜு, ஷு, ஸு, ஹு-வுக்கு வலப்பக்கம் ஒட்டும் குறி ஒன்று போதும். இகர, ஈகார வரிசைகளில் டி, டீ இரண்டும் தனி வடிவங்கள். மற்றவற்றில் மேல்விலங்கு எந்த உயரத்தில் எழுத்தோடு இணைகிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்வதே என் வழக்கம்.

விருப்பம் இருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்கு வேறு வடிவங்கள் இருந்தன. அவற்றையும் வரைந்து, விரும்புகிறவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளும் மாற்று வடிவத் தொகுதியாக வைக்கலாம். பழைய நூல்களின் அழகை மீட்க நினைக்கும் வடிவமைப்பாளர்களுக்கு அது பெரிய உதவி.

வரைந்தவை சரியான இடத்தில் வந்து நிற்க யூனிகோடும் (எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியீட்டுமுறை) ஓப்பன்டைப் விதிகளும் (எந்தக் குறியீடுகள் சேர்ந்தால் எந்த வடிவம் என்று எழுத்துருவுக்குள் எழுதுபவை) வேண்டும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தமிழுக்கு இது எளிது. யூனிகோடில் ‘கு’ என்று ஒரு எழுத்து கிடையாது. க, அதை அடுத்து உகரக் குறி, இப்படி இரண்டு குறியீடுகள்தான். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் நான் வரைந்த ‘கு’ கிளிஃபைக் காட்டு என்று ஒரு வரி விதி எழுத வேண்டும். இப்படி 36 வரி, புள்ளிக்கு இன்னொரு பட்டியல், மேல்விலங்குக்கு இன்னொரு பட்டியல். ‘கெ’ தட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோவதும், ‘கொ’வைக் கொம்பாகவும் காலாகவும் பிரிப்பதும் உங்கள் வேலை இல்லை. இயங்குதளத்திலும் உலாவியிலும் இருக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு மென்பொருள்கள் அதைச் செய்துவிடும். க்ஷ-வுக்கு ஒரு கூட்டெழுத்து விதி வேண்டும். ஸ்ரீ-க்கு இரண்டு, ஏனென்றால் சிலர் ஸ-வில் தொடங்கித் தட்டுகிறார்கள், சிலர் 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்குகிறார்கள். இரண்டும் ஒரே வடிவத்துக்கு வர வேண்டும். கௌ-வின் வலப்பக்கக் குறி ள போலவே இருந்தாலும் அது தனிக் குறியீடு, மறந்துவிடாதீர்கள். துணையெழுத்து தனியாக வந்தால் காட்டும் புள்ளிவட்டத்தையும் வரைந்து சேருங்கள்.

எண்களையும் நிறுத்தற்குறிகளையும் பலர் கடைசி நாளில் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுகிறார்கள். ‘1978-இல்’ என்று ஒரு வரியில் வந்தால் எண் மட்டும் நெட்டையாக நிற்கும். எண்ணின் உயரத்தை ப-வைவிடக் கொஞ்சமே கூட்டி நீங்களே வரையுங்கள். ஆங்கில எழுத்துகளுக்கு நேரம் இல்லை என்றால், திறந்த உரிமத்தில் உள்ள ஒரு எழுத்துருவிலிருந்து உரிமத்தைப் படித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். தடிமனையும் உயரத்தையும் உங்கள் தமிழுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வரி உயரத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேல்வரியில் ‘ணு’ கீழே இறங்க, கீழ்வரியில் ‘கீ’ மேலே ஏற, இரண்டும் மோதக் கூடாது. விண்டோஸுக்கான உயர அளவைக் குறைத்து வைத்துவிட்டால் மேல்விலங்கின் தலை சில செயலிகளில் வெட்டுப்படும்.

சோதனையைத் திரையில் மட்டும் முடித்துவிடாதீர்கள். 9, 10, 12 பாயின்ட் அளவுகளில் ஒரு முழுப் பக்கம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கறுத்த இடங்கள் தானே தெரியும். பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள், படிக்க முடியாதபோது வடிவமும் வெள்ளையும் மட்டுமே கண்ணில் படும். நான் ஒவ்வொரு பதிப்பின் அச்சிலும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் உட்காருகிறேன். கணினி பழைய எழுத்துருவை நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு சோதனைக் கோப்புக்கும் பெயரில் ஒரு எண் சேர்த்துவிட்டால் திருத்தியது ஏன் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கைபேசியிலும், குறைந்தது இரண்டு உலாவிகளிலும், லிப்ரேஆஃபிஸிலும் திறந்து பாருங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்றும் மனதில் கேள்வி இருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரே தடிமனில் ஒரு நல்ல எழுத்துருவுக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தாளுக்கு ஒரு மாதம், இடைவெளிக்கும் சோதனைக்கும் மூன்று மாதம்.

வெளியிடும்போது எல்லோரும் பயன்படுத்தவும் திருத்தவும் விட வேண்டும் என்றால் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பு பொருத்தமானது. திருத்துகிறவர்கள் அதே பெயரில் வெளியிடக் கூடாது என்றால் அந்த உரிமத்திலேயே பெயரை ஒதுக்கி வைக்க வழி உண்டு. இணையதளங்களுக்கு வாஃப்2 என்னும் சுருக்கிய எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். வெளியிட்ட பிறகு யாராவது ஒரு எழுத்தில் குறை சொன்னால் வடிவத்தைத் திருத்துங்கள், எழுத்தின் அகலத்தை மட்டும் கூடியவரை தொடாதீர்கள். அகலம் மாறினால் உங்கள் எழுத்துருவை நம்பி ஒருவர் பக்கம் அமைத்த புத்தகத்தில் வரிகள் எல்லாம் இடம் மாறிவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதிய பெயரில் வெளியிட்டுவிடுங்கள்.